ஜல்லிக்கு ஒரு மேற்பூச்சு: மதுரைப் பேராசிரியரின் வேதியியலும் ஏற்காட்டு மலைப்பாதையும்

தார்க் கலவை ஆலையின் உருளை சுழல்கிறது. உள்ளே 170 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய ஜல்லி உருண்டு புரள்கிறது. மேடையில் நிற்கும் தொழிலாளி சாக்கைப் பிரித்து, பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்கை வாரிக் கொட்டுகிறார். பால் கவரின் நீலம், பிஸ்கட் உறையின் சிவப்பு, கேரி பேக்கின் வெள்ளை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. அரை நிமிடம்தான். நிறங்கள் மறைகின்றன, கரும்புகை எழவில்லை, சாம்பல் நிறக் கல்லின் மேல் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பளபளப்பு ஏறுகிறது. பிறகு அதன் மேல் தார் ஊற்றப்படுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் அந்தக் கலவை ஒரு தெருவாகிவிடும்.

இந்தச் செய்முறையை உருவாக்கியவர் ராஜகோபாலன் வாசுதேவன். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது நாளிதழ்கள் அவரை ‘பிளாஸ்டிக் மனிதர்’ என்று எழுதின. அவர் உண்மையில் செய்தது கல், தார், பாலிமர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்ற ஆய்வு. அந்த ஆய்வு மிகவும் பயன்படக்கூடிய இடங்களில் ஒன்று, மழையும் குப்பையும் ஒருசேரக் கொட்டுகிற சேர்வராயன் மலை.

வகுப்பறையிலிருந்து தெருவுக்கு

வாசுதேவன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1967இல் எம்.எஸ்சி., 1974இல் முனைவர் பட்டம். அந்தக் காலத்தில் தமிழகத்தில் பாலிமர் வேதியியல் வேரூன்றிக்கொண்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். சாந்தப்பா அத்துறை ஆய்வுக்காக 1967இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார்; பின்னர் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார். உலக அளவிலும் இந்தத் துறைக்கு வயது குறைவு. ஒரே அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட மூலக்கூறுகள் உண்டு என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது சக வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1953இல். இன்று ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்கும் பாலித்தீனை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகம் கண்டறிந்தது 1933இல்தான்.

வாசுதேவன் 1975இல் தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957இல் நிறுவிய அந்தக் கல்லூரி திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. 1998இல் அவர் பேராசிரியரானார். பெயர் வெளியே தெரியக் காரணமான வேலை, பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயதில்தான் ஆரம்பித்தது.

2000ஆம் ஆண்டையொட்டி பிளாஸ்டிக்கை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் நாடெங்கும் வலுத்தது. கால்நடைகளின் வயிற்றில் பைகள், அடைத்துக்கொண்ட சாக்கடைகள், எரிக்கும்போது எழும் நச்சுப்புகை: குற்றச்சாட்டுகள் எல்லாமே உண்மை. வாசுதேவன் வேறொரு திசையில் யோசித்தார். பாலித்தீனும் தாரும் பெட்ரோலியத்திலிருந்து வருகிற ஹைட்ரோகார்பன்கள். வேதியியல் இயல்பில் நெருங்கியவை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால், குப்பை மேட்டில் நூற்றாண்டுகள் மக்காமல் கிடக்கிறதே என்று பழிக்கப்பட்ட அதே குணம் சாலைக்கு வலிமையாகும்.

தாரில் பாலிமரைக் கரைக்கும் முறை மேலைநாடுகளில் முன்பே இருந்தது. ஆனால் கலவையைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், தனிக் கருவி வேண்டும், ஒரு சில விழுக்காட்டுக்கு மேல் பிளாஸ்டிக் சேராது, ஆறினால் இரண்டும் பிரியும். வாசுதேவன் வரிசையை மாற்றினார். பிளாஸ்டிக்கைத் தாரில் போடாமல், முதலில் சூடான கல்லில் போட்டார். இந்த ஒரு மாற்றத்தால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் தார்க் கலவை ஆலையே போதும் என்றாயிற்று. சாலைத் தொழிலாளர்கள் புதிதாக எந்த இயந்திரத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கண்டுபிடிப்பின் முழு மதிப்பும் இந்த எளிமையில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் வெற்றி பெற்று ஒப்பந்ததாரர் கையில் தோற்றுப்போன தொழில்நுட்பங்கள் எத்தனையோ உண்டு. இது அந்த வரிசையில் சேரவில்லை.

[பெட்டிச் செய்தி] செய்முறை

பிளாஸ்டிக் கழிவைத் தரம் பிரித்து, கழுவி, உலர்த்தி, 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் வெட்ட வேண்டும். ஜல்லியை 160–170 டிகிரிக்குச் சூடாக்கி, வெட்டிய துண்டுகளைத் தூவினால் 30 முதல் 60 விநாடிக்குள் கல்லைச் சுற்றிப் படலம் பிடிக்கும். பிறகு சுமார் 160 டிகிரி சூட்டில் தாரைக் கலக்க வேண்டும். தாரின் எடையில் ஏறக்குறைய 10 விழுக்காட்டின் இடத்தைப் பிளாஸ்டிக் எடுத்துக்கொள்கிறது. 3.75 மீட்டர் அகல ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டர் போட வழக்கமாக 10 டன் தார் ஆகும். இம்முறையில் 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் போதும். ஒரு டன் என்பது ஏறத்தாழ 10 லட்சம் கேரி பேக்.

முதல் தெருக்கள்

2002இல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சாலை போடப்பட்டது. அதே ஆண்டில் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் பிளாஸ்டிக் கலந்த தார் விழுந்தது. 2003இல் ஈரோடு வீரபத்திரா தெரு, 2004இல் மதுரை வண்டியூர் சாலை, 2005இல் விளாச்சேரி சாலை என்று வரிசை நீண்டது. ஊரக வளர்ச்சித் துறையின் வழியாகக் கிராமச் சாலைகளுக்கும் இம்முறை சென்றது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிளாஸ்டிக்கைச் சேகரித்து வெட்டிக் கொடுத்தன. தொழில்நுட்பத்துக்கான காப்புரிமை 2006இல் கல்லூரிக்குக் கிடைத்தது. விலைக்குக் கேட்டு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் கொடுக்காமல், அரசு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள வழிவிட்டார் வாசுதேவன்.

இத்தகைய முயற்சியில் அவர் மட்டுமே இருந்தார் என்று சொல்வது நியாயமாகாது. பெங்களூரில் அகமது கான், ரசூல் கான் சகோதரர்கள் பிளாஸ்டிக் பொடியைத் தாரோடு கலக்கும் முறையை அதே காலத்தில் நகரச் சாலைகளில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். கல்லுக்கு முதலில் பூச்சு என்பதே மதுரை முறையின் தனித்தன்மை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகச் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, மேலே சொன்ன தெருக்களையே எடுத்துக்கொண்டு அளந்தது. டயரின் பிடிப்பு, மேடுபள்ளம், பாரம் ஏறும்போது சாலை அமுங்கும் அளவு என்று சோதித்துப் பார்த்தார்கள். பல ஆண்டு போக்குவரத்துக்குப் பிறகும் அந்தச் சாலைகளில் குழி விழவில்லை, ஜல்லி பெயரவில்லை என்றது அறிக்கை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013இல் இதற்கெனத் தனி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தேசிய நெடுஞ்சாலைகளின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும்போது கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் சாலைப் பணியை ஒரு வழியாகக் குறிப்பிடுகின்றன.

வாசுதேவன் சாலையோடு நிற்கவில்லை. உடைந்த கல்லையும் கழிவு பிளாஸ்டிக்கையும் சேர்த்து நடைபாதைக்கான ‘பிளாஸ்டோன்’ கட்டிகளைச் செய்தார். ஒரு கட்டிக்குச் சுமார் 300 பைகளும் 6 பாட்டில்களும் பிடிக்கும். தண்ணீர் இந்தக் கட்டிக்குள் இறங்காது.

மழை என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில் தார்ச்சாலையின் முதல் எதிரி தண்ணீர். இதைக் கண்ணால் பார்க்க, சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு நல்ல இடம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் மலை இது. கீழே சேலத்தில் அவ்வளவு இல்லை. மலைச்சரிவில் வடியும் நீர் ஓடையில் நிற்காமல் சாலையைக் குறுக்கே கடக்கிறது. வளைவில் பேருந்தும் சரக்கு லாரியும் திரும்பும்போது டயர் சாலையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஈரமும் இழுப்பும் சேரும் இடத்தில்தான் முதல் குழி விழுகிறது.

இதன் காரணம் கல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. நம் ஜல்லியில் பெரும்பகுதி சிலிக்கா மிகுந்த கருங்கல். அதன் மேற்பரப்பு மின்முனைவு உடையது. நீர் மூலக்கூறை விரும்பி இழுக்கும். தாரில் பெரும்பகுதி எண்ணெய்த்தன்மை கொண்ட, மின்முனைவு குறைந்த பொருள். கல்லும் தாரும் ஒட்டியிருக்கும் இடத்துக்குள் ஈரம் நுழைந்தால், கல் தாரை விட்டு நீரைப் பிடித்துக்கொள்கிறது. தார் உரிந்து, ஜல்லி தனித்தனியாகக் கழன்றுவிடும். சாலைப் பணியாளர்கள் மழைக்குப் பிறகு பெருக்கித் தள்ளும் சிறு கற்கள் இப்படிப் பிரிந்தவைதான்.

உருகிய பாலித்தீன் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. அது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, ஆறியதும் இறுகி, கல்லுக்கு நீரை ஏற்காத மேற்புறத்தைத் தருகிறது. சூட்டில் தாரோடும் நன்றாகச் சேர்கிறது. பூச்சு ஏறிய ஜல்லிக் கலவையை 72 மணி நேரம் நீரில் ஊறவைத்தும் தார் உரியவில்லை என்று மதுரைச் சோதனைகள் காட்டின. கலவையின் மென்மையாகும் வெப்பநிலையும் உயர்கிறது. ஆகவே சித்திரை வெயிலில் தார் இளகி டயர்த் தடம் பதிவதும் குறைகிறது. மேலே மழை, கீழே சேலத்து வெயில் என்று ஒரே பாதையில் இரண்டையும் தாங்க வேண்டிய மலைச்சாலைக்கு இவ்விரண்டு குணங்களும் தேவை.

பூச்சு எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடிகால் தூர்ந்த இடத்திலும், மண் சரிந்த இடத்திலும், அடித்தளம் இறுகாத இடத்திலும் எந்தப் பாலிமரும் சாலையைக் காப்பாற்றாது.

[பெட்டிச் செய்தி] சேர்வராயன் மலையின் கல்

சேர்வராயன் மலைத்தொகுதி பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பழம்பாறையால் ஆனது. சென்னை பரங்கிமலையிலும் கிடைக்கும் இந்தப் பாறைக்கு 1893இல் பெயர் சூட்டியவர் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் சார்னாக்கின் பெயரே அதற்கு நிலைத்தது. கல்குவாரிகளில் இதையும் ‘புளூ மெட்டல்’ என்றே சொல்வார்கள். மலைமுகட்டில் இந்தப் பாறை காலங்காலமாக மழையில் கரைந்து பாக்சைட் ஆகியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அது வெட்டப்பட்டது.

எந்தப் பிளாஸ்டிக், எங்கிருந்து?

குப்பையில் கிடக்கும் எல்லாப் பிளாஸ்டிக்கையும் சாலையில் போட முடியாது. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன் மூன்றும் 110 முதல் 160 டிகிரிக்குள் இளகும். 270 டிகிரிக்குக் கீழே சிதையாது. எனவே 170 டிகிரியில் நச்சுவாயு எழும் அச்சம் இல்லை. சூட்டை அளவோடு நிறுத்துவது மட்டும் கட்டாயம். தண்ணீர் பாட்டில் செய்யப் பயன்படும் ‘பெட்’ உருகுவதற்கு 250 டிகிரி வேண்டும். அதற்குப் பழைய பொருள் வாங்கும் கடையில் விலையும் உண்டு. அதை அங்கே அனுப்புவதே சரி.

பி.வி.சி. மட்டும் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது. அதில் குளோரின் இருக்கிறது. சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். இந்த எச்சரிக்கை சேலம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. இதே மாவட்டத்து மேட்டூரில் 1960களிலிருந்து பி.வி.சி. தயாராகிறது. குழாய்க்கும் மின்கம்பி உறைக்கும் மிகச் சிறந்த அந்தப் பொருள் தார்க் கலவைக்கு விஷம். பழைய பேனர், குழாய்த் துண்டு, செருப்பு ஆகியவை சாக்கில் கலந்து வராமல் பார்ப்பது, பிரிக்கும் மேடையில் நிற்கும் தூய்மைக் காவலரின் கையில் இருக்கிறது. இந்த முறையில் மிகப் பொறுப்பான வேலை அவருடையதுதான். கையுறையும் முகக்கவசமும் நியாயமான கூலியும் முதலில் அவருக்குச் சேர வேண்டும்.

ஏற்காட்டில் கழிவு இரண்டு வழிகளில் சேர்கிறது. ஒன்று, சுற்றுலா. ஏரிக்கரை, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று வார இறுதியிலும் மே மாதக் கோடை விழாவிலும் கூட்டம் நிறைகிறது. சிப்ஸ் உறையும் தண்ணீர் பாட்டிலும் வளைவுகளின் ஓரத்தில் விழுகின்றன. மலைச்சரிவில் வீசியதை எடுக்க யாரும் எளிதில் இறங்க முடியாது. அடுத்த மழை அதை ஓடைக்கும் கீழே உள்ள வயலுக்கும் கொண்டுபோகிறது. மற்றொன்று, தோட்டம். சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காபி இன்றும் இந்த மலையின் முதன்மைப் பயிர். காபி நாற்று கறுப்பு பாலித்தீன் பையில்தான் வளர்கிறது. நட்டதும் பை கழிவாகிறது. உரச் சாக்கின் உட்பை, மிளகு உலர்த்தும் விரிப்பு ஆகியவையும் அந்த வகைதான். வேதியியல்படி இவையெல்லாம் சாலைக்கு ஏற்ற சரக்கு. ஆனால் மண் ஒட்டிய பையைக் கழுவாமல் போட்டால் படலம் பிடிக்காது. கழுவுவதற்குத் தண்ணீர், உலர்த்துவதற்கு இடம், வெட்டுவதற்கு இயந்திரம், கீழே கொண்டுபோக வண்டி: செலவு முழுதும் இந்த இடைப்பட்ட வேலையில் இருக்கிறது.

சாலை எவ்வளவு விழுங்கும்?

ஒருவழிச் சாலையின் கணக்கையே வைத்துக்கொண்டாலும், அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையிலான ஏறத்தாழ 20 கிலோமீட்டர் 20 டன் பிளாஸ்டிக்கை ஏற்கும். அது 2 கோடி கேரி பேக்குக்குச் சமம். மிச்சமாகும் தார் 20 டன். சேலநாடு, மோகநாடு, முட்டநாடு எனப் பிரிந்து கிடக்கும் மலைக்கிராமங்களின் இணைப்புச் சாலைகளைச் சேர்த்தால் அளவு இன்னும் கூடும். சிறிய எண் அல்ல.

ஆனால் ஒரு முறை போட்ட சாலை சில ஆண்டுகளுக்கு வேறு எதையும் ஏற்காது. குப்பையோ ஒவ்வொரு சனி, ஞாயிறும் மலையேறி வருகிறது. அதனால்தான் சாலையை மட்டும் நம்பி பிளாஸ்டிக் விற்பனைக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தது. இந்தத் தடைகளும் வாசுதேவனின் சாலையும் ஒன்றுக்கொன்று போட்டி என்று பேசுவது தவறு. வராமல் தடுக்க முடிந்ததைத் தடுக்க வேண்டும். பால் கவர், நாற்றுப் பை, உணவுப் பொருள் உறை போல மாற்று இன்னும் கைக்கு வராதவற்றைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாற்றுப் பொருளுக்கான மூலமும் சேலத்திலேயே இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தும் ஒரு பாலிமர்தான், செடி செய்துகொண்ட பாலிமர். ஜவ்வரிசிக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில், 1981இல் தொடங்கிய ‘சேகோசர்வ்’ கூட்டுறவு அமைப்பைச் சுற்றி பெரும் மாவுத் தொழில் நடக்கிறது. மரவள்ளி மாவிலிருந்து மக்கும் பைகள் செய்யும் தொழில் நாட்டின் பல இடங்களில் முளைத்திருக்கிறது.

மீதமுள்ள கேள்விகள்

பிளாஸ்டிக் சாலையின் மேல் வைக்கப்படும் ஐயங்களில் கனமானது நுண்பிளாஸ்டிக் பற்றியது. சாலை தேயும்போது பூச்சும் துகளாகி மழைநீரில் போகாதா? பூச்சு கல்லுக்கும் தாருக்கும் இடையில் இருப்பதால் நேரடியாக உராய்வதில்லை என்று இம்முறையை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். இது வலுவான வாதம். ஆனாலும் தேய்ந்து முடிந்த சாலையைச் சுரண்டி எடுக்கும் நாளில் அந்தத் துகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு இந்த வாதம் போதாது. காவிரிக்கும் பிற ஆற்றுப்படுகைகளுக்கும் நீர் அனுப்பும் ஒரு மலையில், சாலையோர ஓடை நீரை ஆண்டுதோறும் எடுத்துச் சோதிப்பது ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். சுரண்டிய பழைய கலவையைச் சரிவில் கொட்டாமல் மறுபடி சாலைக்கே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது கேள்வி தரம் பற்றியது. பூச்சு இறுகிய தாருக்கு அடியில் மறைந்துவிடுவதால், வெட்டிய பிளாஸ்டிக் எவ்வளவு சேர்ந்தது, பி.வி.சி. கலந்ததா என்பது போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஆலையிலேயே, கலக்கும்போதே, பொறியாளர் பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டுமே தெரியும்.

சேலத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏற்காடு அந்த நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மத்திய அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு உத்தரவு தேசிய நெடுஞ்சாலைகளைப் பற்றியது என்பதால், மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ள மலைப்பாதையை அது கட்டுப்படுத்தாது. மழை அதிகம் பெய்யும் மலைச்சாலைகளின் ஒவ்வொரு மேற்பரப்புப் புதுப்பிப்பிலும் பூச்சு ஜல்லி கட்டாயம் என்று தமிழக அரசு தனியாக ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டும். கூடவே ஏற்காட்டில் கழுவி, உலர்த்தி, வெட்டும் கூடம் ஒன்றும் வேண்டும். தோட்ட உரிமையாளர்கள் நாற்றுப் பைகளை அங்கே கொண்டுவந்து ஒப்படைக்கலாம். மலைக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: கொண்டுவந்த உறையையும் பாட்டிலையும் சரிவில் வீசாமல், தொட்டியில் போடுங்கள், தொட்டி கிடைக்காவிட்டால் பையிலேயே வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோங்கள்.